ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கம் ‘கட் கட்’ என்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் முன்பக்கத்தில் எழும் சத்தத்தை, காது காட்டும் இடத்தில் தேடப் போவதுதான் பெரும்பாலானோர் செய்கிற முதல் தவறு. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை), ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), சப் ஃபிரேம் (லோயர் ஆர்ம் பொருந்தும் அடிச்சட்டம்) எல்லாம் ஒன்றோடொன்று இறுக்கப்பட்ட இரும்பு என்பதால், வலப்பக்கச் சக்கரத்தில் பிறக்கும் சத்தம் இடப்பக்கத்தில் கேட்பதும், கீழே பிறப்பது டேஷ்போர்டுக்குள் கேட்பதும் சாதாரணமாக நடக்கிறது. ஆகவே ‘எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘வண்டி என்ன செய்துகொண்டிருக்கும்போது வருகிறது’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வளைவில் திரும்பும்போது முன்பக்கத்தில் மூன்று அசைவுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஸ்டீயரிங் திரும்புகிறது, சக்கரம் உருளுகிறது, வண்டியின் எடை ஒரு பக்கம் சாய்வதால் சஸ்பென்ஷன் அமுங்கி எழுகிறது. இவற்றோடு, முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் என்ஜினின் விசையும் அதே சக்கரங்களின் வழியாகவே தரைக்குப் போகிறது. இரண்டு அசைவுகளை நிறுத்திவைத்து ஒன்றை மட்டும் நடக்கவிட்டுப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை. கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை இப்படிக் கிடைத்துவிடும்.

முதலில் சில்லறைக் காரணங்கள்

சக்கர நட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்கம் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தளர்ந்த நட்டு மெதுவான வேகத்தில் திரும்பும்போது தெளிவான ‘டிக் டிக்’ சத்தம் தரும். சமீபத்தில் டயர் மாற்றியிருந்தாலோ பஞ்சர் பார்த்திருந்தாலோ இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பிறகு டயரின் பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா, வீல் கப்பின் கிளிப் உடைந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்து டிஸ்க்கை உரசுகிறதா, முழுவதும் ஒடிக்கும்போது டயர் உள்பக்க பிளாஸ்டிக் லைனரில் படுகிறதா என்று பாருங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் வந்த இதே சத்தத்துக்காக இரண்டு பக்க ஆக்ஸிலையும் (என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மாற்றச் சம்மதித்தேன். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் வீல் கப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஓட்டியபோது அது நின்றுபோனது. கப்பின் பின்புற வளையம் ஓர் இடத்தில் விட்டிருந்தது. திரும்பும்போது ரிம் நெளியும் அந்தச் சிறு அளவே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. வீல் கப் உள்ள வண்டி என்றால், அதைக் கழற்றிவிட்டே மற்ற சோதனைகளைச் செய்யுங்கள்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, தானியங்கி கியர் என்றால் ‘பார்க்’ நிலையில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் வெளியே, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் குனிந்து கேளுங்கள். சக்கரம் உருளவில்லை, என்ஜின் விசையும் சக்கரத்துக்குப் போகவில்லை. இந்த நிலையிலும் சத்தம் வருகிறதென்றால், எல்லோரும் முதலில் குற்றம் சாட்டும் சிவி ஜாயின்ட் (ஆக்ஸிலின் முனையில் மடங்கியபடியே சுழலும் மூட்டு) அநேகமாக நிரபராதி. பார்க்க வேண்டியவை ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியின் உடலோடு பிணைப்பது), காயில் ஸ்பிரிங், பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு), ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பல்சட்டம்), டை ராட் எண்ட் (ரேக்கிலிருந்து வரும் டை ராட் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு), ஸ்டீயரிங் தண்டு ஆகியவை.

இவற்றில் மேல் மவுண்டின் சத்தம் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஸ்ட்ரட் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் அமைப்பில், அதன் உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிவிட்டால், ஸ்ட்ரட் திரும்பும்போது ஸ்பிரிங் கூடவே சுழலாமல் முறுக்கேறி, ஓர் எல்லையில் சட்டென்று விடுபடுகிறது. ‘டொய்ங்’ அல்லது ‘டங்’ என்று நீளும் அந்த ஒலி, சிவி ஜாயின்ட்டின் வறண்ட ‘கட் கட்’ ஒலியிலிருந்து வேறுபட்டது. உறுதி செய்ய, உதவியாளர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயருக்கு மேலே தெரியும் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் விரல்நுனிகளை மெதுவாக வைத்துப் பாருங்கள். சுருள்களுக்கு இடையில் விரலை நுழைக்கக் கூடாது. நல்ல ஸ்பிரிங் வழுவழுவென்று சுழலும். பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் தயங்கி நின்று, பிறகு ஒரு துள்ளு துள்ளுவது விரலில் தெரியும்.

அதே இடத்தில் ஸ்பிரிங்கின் கீழ் முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசிச் சுருளின் முனை ஒரு துண்டு உடைந்து, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்திலேயே தங்கிவிடுவது அடிக்கடி நிகழும் கோளாறு. வண்டியின் உயரம் பெரிதாகக் குறையாததால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் உடைந்த முனையின் கூர்மை டயரின் பக்கச்சுவரை நோக்கி இருக்கும் என்பதால் இது காத்திருக்கும் விஷயமல்ல.

டை ராட் எண்டுக்கும் ஜாக்கி தேவையில்லை. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, உதவியாளர் ஸ்டீயரிங்கைச் சில டிகிரி அளவுக்கு மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டின் மூட்டின் மேல் கை வைத்திருங்கள். மூட்டு நன்றாக இருந்தால் இரு பாகங்களும் ஒன்றாக நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று நகர்ந்த பிறகே மற்றது நகர்வதும், அந்த இடைவெளியில் ‘டக்’ என்ற தட்டும் கைக்குத் தெரியும். ரேக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் மடிப்புறையை (பெல்லோஸ்) மெதுவாக அமுக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் ரேக் எண்டையும் (டை ராட் ரேக்கோடு சேரும் மூட்டு) இதே முறையில் சோதிக்கலாம்.

சத்தம் சக்கரத்தின் பக்கம் கேட்காமல் ஓட்டுநரின் கால் பக்கமோ ஸ்டீயரிங் வீலுக்குள்ளேயோ கேட்டால், ஸ்டீயரிங் தண்டின் நடுவில் உள்ள யுனிவர்சல் மூட்டைப் பாருங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒற்றைத் தட்டாகவே அது வரும், அதிர்வும் உள்ளங்கையில் உணரப்படும். வீலின் மையத்தில் உரசலோ நொறுங்கலோ கேட்டு, அதனுடன் ஹார்ன் விட்டுவிட்டு வேலை செய்தாலோ ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கேபிள்தான் சந்தேகத்துக்குரியது. ஏர்பேக் உள்ள பகுதியை வீட்டில் கழற்ற வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

உருளும்போது செய்யும் சோதனை

ஆளில்லாத, சமமான, விசாலமான ஓர் இடம் வேண்டும். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், பக்கத்தில் சுவர் இருந்தால் ஒலி திரும்பி வந்து காதில் தெளிவாக விழும். ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து, பிறகு சற்றே தளர்த்தி, 10 கி.மீ. வேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக உருளவிட்டுக் கேளுங்கள். அடுத்து, அதே வட்டத்தில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் கேளுங்கள். இடம், வலம், ரிவர்ஸ் என எல்லாத் திசையிலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

விசை கொடுத்ததும் சத்தம் வலுத்து, வேகம் கூடக் கூட அதன் தாளமும் விரைந்தால், வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டே, அதாவது சக்கரத்தை ஒட்டியுள்ளதே, முதல் சந்தேகத்துக்கு உரியது. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள அந்த மூட்டின் உட்புறம் தெரிய வேண்டும். வெளிக்கிண்ணத்துக்கும் உள்வளையத்துக்கும் நடுவே, ஒரு கூண்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென வெட்டப்பட்ட பள்ளத்தில் ஓடுகிறது. நேராக ஓட்டும்போது குண்டுகள் பள்ளத்தின் நடுவில் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். ஒடிக்கும்போது, சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அவை பள்ளத்தில் முன்னும் பின்னும் பயணிக்கின்றன. பள்ளத்தில் குழி விழுந்திருந்தால் குண்டு அதில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு. மூட்டு சுமார் 45 டிகிரிவரை மடங்கக்கூடியது. மடங்கும் கோணம் கூடும்போது பயணமும் கூடுவதால்தான் இந்தச் சத்தம் முழு ஒடிப்பில் உரத்துக் கேட்கிறது.

இதைக் கணக்குப் போட்டும் சரிபார்க்கலாம். டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் இரண்டு விநாடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றும். சத்தமும் இரண்டு விநாடிக்கு மூன்று தடவையோ அதன் மடங்காகவோ வந்தால், அது சக்கரத்தோடு சுழலும் ஒரு பாகத்திலிருந்துதான் வருகிறது. ஒழுங்கில்லாமல் எப்போதாவது வந்தால், சுழலும் பாகங்களை விட்டுவிட்டு சஸ்பென்ஷன் பக்கம் போங்கள். தாளம் ஒத்துப்போவதாலேயே சிவி ஜாயின்ட் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. டயரில் சிக்கிய கல்லும் அதே தாளத்தில்தான் தட்டும். ஆனால் கல்லுக்கு ஆக்ஸிலரேட்டரைப் பற்றி அக்கறை இல்லை.

எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் சொல்லப்படுகிறது: இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலப்பக்க மூட்டு, வலப்பக்கம் திரும்பும்போது வந்தால் இடப்பக்க மூட்டு. திருப்பத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடை சாய்வதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம்தான் அதிகக் கோணத்தில் மடங்குகிறது என்பதும் உண்மை. எனவே இதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, இதை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது.

உள்பக்க மூட்டு, அதாவது கியர் பெட்டிக்கு அருகில் உள்ளது, இவ்வளவு மடங்குவதில்லை. அது தேய்ந்தால் நேராக வேகமெடுக்கும்போது வண்டி குலுங்கும். திரும்பும்போது வரும் ‘கட் கட்’ அதனுடைய பாஷை அல்ல. பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள வண்டியில் முன்பக்க ஆக்ஸிலே கிடையாது என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் தாண்டிவிடலாம். நான்கு சக்கர இயக்கத்தைக் கையால் இணைக்கும் வண்டிகளில், காய்ந்த சாலையில் அந்த இணைப்போடு ஒடித்தால், முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் தட்டும். அது கோளாறல்ல, லீவரை மாற்றாமல் விட்டதன் விளைவு.

ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் வந்தால்

முன்னால் போய்விட்டு ரிவர்ஸ் எடுக்கும்போதும், மறுபடி முன்னால் கிளம்பும்போதும், ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்கும் வகை ஒன்று உண்டு. சிவி ஜாயின்ட்டின் தோள் வீல் ஹப்போடு ஒட்டும் முகத்தில் நுண்ணிய வழுக்கல் இருந்தால் இப்படி வரும். ஆக்ஸில் நட்டைக் கழற்றி, அந்த முகங்களைச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொல்லும் பேஸ்ட்டைத் தடவி, புது நட்டைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிரேக் பேட் அதன் கூட்டில் இடம் மாறுவதாலும் இதே சத்தம் வரலாம்; பிரேக்கை லேசாக மிதித்தபடி திசை மாற்றினால் சத்தத்தின் தன்மை மாறுகிறதா என்பது அதைப் பிரித்துக் காட்டும். சமீபத்தில் கிளட்ச் வேலையோ ரேக் வேலையோ நடந்திருந்தால், சப் ஃபிரேம் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், சிறு மேடுபள்ளங்களில் ‘லொடலொட’ என்று தட்டினால் அது ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) அல்லது அதன் ரப்பர் புஷ். அதற்கு இங்கே இதற்கு மேல் இடம் தர வேண்டியதில்லை.

வண்டியைத் தூக்கிப் பார்ப்பது

பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கெட்டியான சமதரையில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, உடனே ஜாக் ஸ்டாண்டில் வண்டியை இறக்கி நிறுத்துங்கள். ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கப்படும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டுவது, எந்தச் சத்தத்துக்காகவும் செய்யத்தக்கதல்ல.

முதலில் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் பூட், அதாவது மூட்டின் கிரீஸைக் காக்கும் மடிப்புறை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, பூட்டின் மடிப்புகள் விரியும்படி செய்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் மடிப்பின் அடிப்பள்ளத்தில் ஒளிந்திருக்கும். நேராக நிற்கும் சக்கரத்தில் அது கண்ணில் படாது. கிழிந்த பூட் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் இன்னொரு அடையாளம், ரிம்மின் உள்பக்கத்திலும் ஸ்ட்ரட்டின் அடியிலும் ஒரு கோடாகத் தெறித்திருக்கும் கறுப்பு கிரீஸ். அந்தக் கிரீஸைத் துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். வெண்ணெய் போல வழுக்கினால் மூட்டு இன்னும் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. நறநறவென்று மணல் பட்டால், அந்த மணல் குண்டுகளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே எவ்வளவு காலம் அரைபட்டிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பூட் முழுதாக இருக்கும் மூட்டு கெடவே கெடாது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மூட்டைக் குற்றவாளியாக்கும் முன் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 மணி நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் அல்லது ரேக் எண்ட். 12, 6 மணி நிலைகளில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் என்று கொள்ளலாம்.

பால் ஜாயின்ட் சோதனையில் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மேல் இருக்கும் வண்டியில், உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே கீழ் மூட்டின் பாரம் விலகிவிடும். நெம்புகோலால் லோயர் ஆர்மை மெதுவாக நெம்பினால் ஆட்டம் வெளிப்படும். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியிலோ, அப்படித் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கின் விசையே மூட்டை இறுக்கிப் பிடித்து, தேய்ந்த மூட்டையும் நல்ல மூட்டாகக் காட்டும். அங்கே ஜாக்கியை லோயர் ஆர்மின் அடியில், மூட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்துத் தூக்க வேண்டும். நெம்பும்போது மூட்டின் ரப்பரில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நல்ல மூட்டைக் கெடுக்க ஒரு கீறல் போதும்.

ஆட்டம் இல்லாமலே வறண்டு முனகும் பால் ஜாயின்ட்டைப் பிடிக்க ஒரு தந்திரம்: ஊடுருவும் எண்ணெயைச் சந்தேகப்படும் மூட்டின் விளிம்பில் மட்டும் தெளித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கேளுங்கள். சத்தம் மறைந்தால் மூட்டு அதுதான். இது நோயறியும் வழி மட்டுமே. எண்ணெய் உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும் என்பதால் மருந்தாகாது.

எதற்கு எவ்வளவு அவசரம்

இந்தக் குறைகளில் அதிகச் சத்தம் போடுவது சிவி ஜாயின்ட். உடனடி ஆபத்து குறைவாக உள்ளதும் பெரும்பாலும் அதுதான். தட்டத் தொடங்கிய மூட்டு சில காலம் ஓடும், ஆனால் கடைசியில் உடைந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தானியங்கி கியர் வண்டியில் ‘பார்க்’ நிலையின் பிடிப்பும் ஆக்ஸில் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது; ஆக்ஸில் உடைந்தால் அந்தப் பிடிப்பும் போய், சரிவில் வண்டி உருண்டுவிடும். எனவே தட்டும் வண்டியில் ஹேண்ட் பிரேக்கை மறக்காதீர்கள். சிறு ‘டிக்’கோடு நிறுத்திக்கொள்ளும் பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் அப்படியல்ல. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி தரையில் விழும்; டை ராட் கழன்றால் ஸ்டீயரிங் ஒரு சக்கரத்தின் மேல் அதிகாரம் இழக்கும். இவற்றில் கையால் உணரத்தக்க ஆட்டம் இருந்தாலும், சக்கர நட்டு தளர்ந்திருந்தாலும், ஸ்பிரிங் உடைந்திருந்தாலும், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பூட் கிழிந்தும் இன்னும் சத்தம் வரவில்லை என்றால், மூட்டைக் கழுவி, அதற்கென்று உள்ள மாலிப்டினம் கலந்த கிரீஸ் நிரப்பி, புது பூட் போடுவது பயன் தரும். சத்தம் வந்த பிறகு புது கிரீஸ் அடைப்பது வீண் வேலை. விழுந்த குழியை கிரீஸ் நிரப்பாது. ஆக்ஸில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும், வண்டியை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு நீண்ட கம்பியால் இழுக்கக் கூடாது. திரும்பப் போடும்போது புது நட்டைப் போட்டு, அந்த வண்டிக்கான அளவில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) முடுக்குங்கள். அந்த அளவு வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும். பால் ஜாயின்ட்டின் கிரீட நட்டில் (மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு), அது கழலாமல் தடுக்கும் பிளவு ஊசியின் துளை பொருந்தவில்லை என்றால், நட்டை இன்னும் சற்று முடுக்கிப் பொருத்த வேண்டுமே தவிர, தளர்த்திப் பொருத்தக் கூடாது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் நிற்கும்போதே கடைசியாக முடுக்குங்கள். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். மேல் மவுண்டை மாற்ற ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முறையான ஸ்பிரிங் கம்பிரஸரும் அதில் பழக்கமும் இல்லாதவர்கள் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். டை ராட் எண்ட் மாற்றிய வண்டிக்கு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

வேலை முடிந்ததும், முதலில் வட்டம் போட்ட அதே இடத்துக்குப் போய், அதே வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, இரு பக்கமும் ஒடித்துக் கேளுங்கள். சத்தம் குறைந்திருக்கிறது ஆனால் நிற்கவில்லை என்றால், மாற்றிய பாகத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் எதிர்ப்பக்கத்தில் அதே சோதனைகளைச் செய்யுங்கள். ஒரே தூரம் ஓடிய இரண்டு மூட்டுகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருப்பதைவிட, உரத்த சத்தத்துக்குப் பின்னால் மெல்லிய சத்தம் மறைந்திருப்பதே அடிக்கடி நடப்பது. சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருப்பதால், 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.